பழைய நெஞ்சுப் படம் இருக்கிறதா?

எக்ஸ்ரேயில் நெஞ்சுப் படம் எடுக்கப் போகிறவர்கள் தாராளமாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எனக்கு இது தெரியாது. ரத்தப் பரிசோதனைக்குப் பட்டினியாக வரச் சொல்வார்களே, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவுசெய்து, முதல்நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். விடியும் முன்பே கரங்கானில் ஆட்களை ஏற்றி, கூலிம் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, பஸ்ஸை நிறுத்திவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு சீனப் பெரியவர் பாவ் ரொட்டியை மெதுவாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். அவரும் நெஞ்சுப் படத்துக்கு வந்தவர்தான். பாவம், இவரைத் திருப்பி அனுப்பிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால், படம் எடுக்க எதற்குப் பட்டினி என்று கேட்டிருப்பாள். என் மனைவி இறந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. தனியாக இருக்கிறவன் ஒரு முட்டாள்தனத்தை யோசித்தால், அதை மறுத்துப் பேச வீட்டில் ஆள் கிடையாது. அவன் பாட்டுக்கு அதைச் செய்துவிட்டு வருவான்.

நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். முதுகுக்குப் பின்னால் தினமும் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். போகும்போது பாதித் தூக்கம், வரும்போது முழுத் தூக்கம். விழித்திருப்பவர்கள் காதில் எதையாவது மாட்டியிருப்பார்கள். நாற்பது பேரோடு போய்வருகிறவன் தனிமை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தூங்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவனுக்குத்தான் அது தெரியும்.

மூன்று வாரமாக எனக்கு இருமல். எனக்குப் பின்சீட்டில் வழக்கமாக உட்காரும் அக்கா ஒருவர் ஒருநாள் எழுந்து நான்கு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தார். நீண்ட இருமல் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான், காசநோய். அந்தச் சொல் பஸ்ஸுக்குள் ஏறிவிட்டால் வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரிதான். அதனால் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. கிளினிக்கில் மூன்று முறை சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. எதற்கும் நெஞ்சுப் படம் ஒன்று எடுத்துவிடலாம் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

பதிவு செய்யும் இடத்தில், அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்வது என்று கேட்டார்கள். என் சொந்த அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். எனக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான், செர்டாங்கில் இருக்கிறாள். எண்ணைக் கொடுத்ததை அவளிடம் சொல்லவில்லை. படம் எடுக்கப் போவதையும் சொல்லவில்லை.

உள்ளே ஒரு மலாய்க்காரத் தம்பி நீல அங்கி ஒன்றைக் கொடுத்து, இடுப்புக்கு மேலே போட்டிருக்கும் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். சட்டை, பனியன், கழுத்தில் கிடந்த உருத்திராட்சம். அதில் வெள்ளிப் பூண் இருக்கிறது, உலோகம் எதுவும் படத்தில் குறுக்கே விழக்கூடாதாம். நெஞ்சில் இரண்டு கோயோக் ஒட்டியிருந்தேன். இருமலுக்குச் சூடாக இருக்கட்டும் என்று கடையில் வாங்கி ஒட்டிய மருந்துப் பட்டை அது. அதையும் எடுக்கச் சொன்னார். இழுத்தேன், மயிரோடு சேர்ந்து வந்தது. நெஞ்சுப் படம் எடுத்தால் வலிக்குமா என்று யாராவது கேட்டால், எனக்கு வலித்தது அந்த ஓர் இடத்தில்தான் என்று சொல்வேன்.

அங்கியின் நாடா முதுகுப் பக்கம் இருந்தது. எனக்குக் கை எட்டவில்லை. தடுமாறியதைப் பார்த்து அந்தத் தம்பியே வந்து கட்டிவிட்டார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் முதுகில் இன்னொருவர் கை பட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் கட்டி முடித்துவிட்டுப் போன பிறகும் நான் அதே இடத்தில் கொஞ்சம் நின்றேன்.

பிறகு என்னை ஒரு பலகையின் முன்னால் நிறுத்தினார். நெஞ்சு பலகையில் ஒட்ட வேண்டும். ஐஸ் மாதிரி குளிர்ந்தது. முகவாயைத் தூக்கி மேலே வைத்து, இரண்டு புறங்கைகளையும் இடுப்பில் ஊன்றி, தோளை முன்னால் தள்ளச் சொன்னார். சந்தைக்கடையில் சண்டைக்கு நிற்கிற பெண்பிள்ளை மாதிரி நின்றேன். அவர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், "தாரிக் நாஃபாஸ், தாஹான்" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்து கதவைத் திறந்துவிட்டார். நான் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றேன். "மூச்சு விடலாம் பக்சிக்" என்று மாமா முறை வைத்து மலாயில் சொல்லிச் சிரித்தார். இவ்வளவுக்காகவா நேற்றிலிருந்து பட்டினி கிடந்தோம் என்று எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

படத்தில் என்ன இருக்கிறது என்று எடுத்தவரிடமே கேட்டேன். அவர் சொல்லமாட்டார், டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். டாக்டர் நம் தமிழ்ப் பெண். என் மகளாக இருக்கலாம் என்கிற வயது. கணினித் திரையைத் திருப்பி, வலது நெஞ்சின் மேல் பக்கத்தில் பேனா முனையால் ஒரு வட்டம் காட்டினார். ஐந்து காசு அளவுக்கு ஒரு வெளுப்பு. அதை அவர் நிழல் என்றார். வெளுப்பாக இருப்பதை எதற்கு நிழல் என்கிறார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

எப்போதோ வந்து ஆறிய சளியின் தழும்பாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்றார். அந்த 'வேறு ஏதாவது' என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அங்கிள், பழைய நெஞ்சுப் படம் ஏதாச்சும் இருக்கா? இதே நிழல் அதுலயும் இருந்துச்சுன்னா, நீங்க வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கலாம் லா. புதுசா வந்ததுன்னாதான் நாம பாக்கணும்."

இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த பஸ் வேலையில் சேரும்போது, டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் எடுத்தேன். அப்போதெல்லாம் பிலிமைக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள், பெரிய பழுப்பு உறையில் போட்டு. அந்த கிளினிக் இப்போது இல்லை, அங்கே கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். ஆனால் அந்தப் பழுப்பு உறை என் அலமாரி மேல் இருந்தது. அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஒரு வாரம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளுத்ததெல்லாம் பேயாகத் தெரிந்தது. சாலையில் லாரி விளக்கு, கூரையில் ஒழுகிய கறை, சோற்றுப் பானையின் மூடி. முதல்நாளே நாற்காலி போட்டு ஏறி உறையை எடுத்துவிட்டேன். தூசியைத் துடைத்தேன். மேலே எழுதியிருந்த பெயர், மழையில் கூரை ஒழுகியபோது கலைந்துபோயிருந்தது. உள்ளே இருப்பதை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்து, அந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல் போனால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் நானும் அந்தச் செய்தியும் மட்டும்தான் இருக்க வேண்டும். டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதே தெரியட்டும் என்று மேசைமேல் வைத்துவிட்டேன். ஏழு நாளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

டாக்டரின் அறைச் சுவரில் பிலிம் பார்க்கும் விளக்குப் பெட்டி ஒன்று இன்னும் இருந்தது. இப்போது யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. அதன்மேல் மாட்டியிருந்த நாட்காட்டியை எடுத்து வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்டார். இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. பிலிமைச் செருகினார். நான் வலது நெஞ்சின் மேல் பக்கத்தை மட்டும் பார்த்தேன். அங்கே வெளுப்பு எதுவும் இல்லை. அப்படியென்றால் இது புதிதாக வந்தது.

டாக்டர் ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தைக் குனிந்து படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அங்கிள், இது உங்க படம் இல்ல. இது ஒரு லேடியோட படம்." பெயரைச் சொன்னார்.

என் மனைவியின் பெயர். அவள் இறப்பதற்கு ஒரு வருஷம் முன்னால், மூச்சு வாங்குகிறது என்று அதே கிளினிக்குக்குத்தான் போனாள். அதே மாதிரி உறை.

நான் எதையோ சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டாக்டர் பிலிமை எடுக்கக் கையை நீட்டினார். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நான் சொன்னேன். அவர் கையை இறக்கிக்கொண்டார். முப்பது வருஷம் பக்கத்தில் படுத்த உடம்பு, எனக்கு அடையாளமே தெரியவில்லை. விலா எலும்பு எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே. நடுவில் பெரிய வெள்ளையாக ஒன்று இடதுபக்கம் சாய்ந்து கிடந்தது. அது என்ன என்று கேட்டேன். இதயம் என்றார். இவ்வளவு பெரிதாகவா இருக்கும் என்று கேட்டேன். இருக்காது, வீங்கியிருக்கிறது என்றார்.

அவள் கோவில் படியில் ஏறும்போது நின்று நின்று ஏறுவாள். ஆடி அசைந்து வருகிறாயே, பூசை முடிந்துவிடும் என்று நான் மேலே நின்று கத்தியிருக்கிறேன். அந்தப் படத்துக்குப் பிறகும் கத்தியிருக்கிறேன். அந்த கிளினிக் டாக்டர் சொன்னதை அவள் என்னிடம் சொன்னாளா, நான் காதில் வாங்கவில்லையா என்று இப்போதும் எனக்கு நினைவில்லை. அன்று அந்த அறையில் எனக்கு என் நிழல் மறந்துபோய்விட்டது. டாக்டர்தான் நினைவுபடுத்தினார், அப்போது உங்கள் படம் எங்கே என்று.

எங்கே போயிருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்தது. நோயில் கிடந்து போனவர்கள் புழங்கிய சாமான்களை எங்கள் வீடுகளில் வைத்திருக்கமாட்டோம். கருமாதிக்கு முன்னால் மெத்தை, மருந்து, ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட வேண்டும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் எங்கள் தாமானில் நெருப்பு வைத்தால் பக்கத்து வீட்டில் கத்துவார்கள் என்று, அக்காதான் எல்லாவற்றையும் மாமாவின் வேனில் ஏற்றி, செர்டாங்கில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனை மரங்களுக்கு நடுவில் வைத்துக் கொளுத்தினாள். அதோடு என் படத்தையும் சேர்த்துக் கொளுத்திவிட்டாள். உயிரோடு இருக்கிறவன் நெஞ்சை, இறந்தவள் சாமானோடு சேர்த்து எரித்தால் நிழல் விழாமல் என்ன செய்யும்? ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அக்காவுக்குப் போன் அடித்தேன். அவளிடம் பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நலம்கூட விசாரிக்கவில்லை. யாரைக் கேட்டு என் எக்ஸ்ரே படத்தை எரித்தாய் என்று ஆரம்பித்தேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பக்கத்தில் கார் நிறுத்த வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு கவர் இருந்துச்சுடா தம்பி. நான் ரெண்டையும் வேன்ல வச்சேன். நீதான் ஓடியாந்து ஒண்ண புடுங்கிக்கிட்ட. இது என்னோடது, நான் இன்னும் சாகலன்னு எல்லாரு முன்னாலயும் கத்துன. அது உனக்கு ஞாபகம் இல்லயா?"

ஞாபகம் இல்லை. இருந்தாலும் அவள் சொன்னது உண்மை என்று கேட்டவுடனே தெரிந்தது. அது என் குரல், நான் பேசுகிற பேச்சு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா என்னைத்தான் சொல்வாள். அக்கா, இப்போது எதற்கு அந்தப் படம், உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள். லைசென்ஸ் புதுப்பிக்கக் கேட்கிறார்கள் என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் போன் அடித்தபோது நான் எடுக்கவில்லை.

பழைய படம் இல்லையென்றால் வேறு வழி ஒன்றுதான், காத்திருப்பது. ஸ்கேன் எடுத்தார்கள். நிழல் வட்டமாக, ஓரம் சுத்தமாக இருக்கிறது, நல்ல அறிகுறிதான், ஆனாலும் வளர்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து ஒரு படம், ஆறு மாதம் கழித்து ஒன்று, பிறகு வருஷம் முடியும்போது, அப்படியே இரண்டு வருஷம். வளர்ந்தால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்ப்பார்கள். வளராவிட்டால் ஒன்றும் இல்லை. நான் சாகப் போகிறேனா இல்லையா என்பதை, ஒரு வெள்ளைப் பொட்டு இரண்டு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்து சொல்ல வேண்டும்.

முதல் மூன்று மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. இருமல் அதுபாட்டுக்கு ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. பின்சீட்டு அக்காவும் பழைய இடத்துக்கு வந்துவிட்டார். பயத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டு ஓட்டினேன். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் நெருங்க நெருங்கப் பயத்தோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. முதல்நாளே முடி வெட்டிக்கொள்வேன். சட்டையை இஸ்திரி போடுவேன், எப்படியும் கழற்றத்தான் போகிறேன் என்று தெரிந்தும். அந்த மலாய்க்காரத் தம்பிக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. நான் உள்ளே போனதுமே, கோயோக் இருக்கிறதா என்று கேட்டுச் சிரிப்பார். கேட்காமலே நாடாவைக் கட்டிவிடுவார். டாக்டர், தூக்கம் எப்படி, பசி எப்படி, எடை குறைந்ததா என்று வரிசையாகக் கேட்பார். எல்லாரிடமும் கேட்பதுதான். ஆனாலும் என்னிடம் இதையெல்லாம் கேட்பது அவர் ஒருவர்தான். பதில் சொல்லும்போது கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். அவரும் கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்பார்.

இரண்டு வருஷம் முடிந்து கடைசியாக எடுத்த படத்தைப் பார்க்கப் போன அன்று, டாக்டர் எல்லாப் படங்களையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்தார். வெள்ளைப் பொட்டு எல்லாவற்றிலும் ஒரே அளவில், ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"வளரவே இல்ல அங்கிள். இது பழைய தழும்புதான். இனிமே நீங்க வர வேண்டாம்" என்றார்.

அவர் முகம் முழுக்கச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை, நெஞ்சிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் கை பழக்கத்தில் நாள் குறிக்கும் புத்தகத்தை நீட்டிவிட்டது. அவர் அதைத் திறந்து, புது நாள் எழுதாமல் ஒரு கோடு போட்டு, திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருஷம் எதற்கும் ஒரு படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தேவையில்லாமல் எடுக்கக் கூடாது, கதிர் உடம்புக்கு நல்லதில்லை என்று பொறுமையாக விளக்கினார். அடுத்த நோயாளியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன்.

மோட்டார் நிறுத்தும் இடத்தில் கூரை நிழலில் நின்று போனை எடுத்தேன். இந்தச் செய்தியை யாரிடமாவது சொல்லாமல் தலைக்கவசத்தை மாட்ட முடியாது போலிருந்தது. அக்காவுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லயாம்" என்றேன்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"என்னடா ஒண்ணும் இல்ல? உனக்கு என்ன இருந்துச்சு?"

இரண்டு வருஷமாக யாராவது ஒருவர் அதைக் கேட்கமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். கேட்டுவிட்டாள். நான் பிழைத்துவிட்டேன் என்று அவள் சந்தோஷப்பட வேண்டுமென்றால், முதலில் நான் சாகப் பயந்ததை அவளிடம் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், இத்தனை நாள் ஏன்டா சொல்லவில்லை என்று அழுவாள்.

பஸ் எடுக்க நேரமாகிவிட்டது, அப்புறம் அடிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது மணி பன்னிரண்டரை. நான் பஸ் எடுக்க வேண்டியது ஐந்து மணிக்கு.